பழைய கட்டிடங்களும் பரிசோதனைச் சட்டமும்

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பை நகரில் எந்தப் பழைய கட்டிடம் எப்போது விழுமோ என்ற பீதி ஜனங்களைப் பற்றிக்கொள்கிறது. கட்டிடம் விழுந்த பிறகு மந்திரிகள் அனுதாபம் தெரிவிப்பதும், நஷ்ட ஈடு அறிவிப்பதும், விசாரணைக்கு உத்தரவிடுவதும் வழக்கமாகிவிட்டன. இதை விதி என்று பொறுத்திருப்பது நியாயமா என்று நாம் கேட்கிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. மும்பை நகரசபைச் சட்டத்தின் 353-பி பிரிவின்படி, 30 வருஷத்தைக் கடந்த கட்டிடத்தை அதன் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ பதிவு பெற்ற இஞ்சினீயரைக் கொண்டு பரிசோதித்து, மனிதர் வசிக்கத் தகுந்தது என்று அத்தாட்சி பெறவேண்டும். இவ்விதி மிகவும் அவசியமானதே. கடற்காற்றின் உப்பும் மழையின் ஈரமும் கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே தூண் பிளக்கிறது. வெளியே வெள்ளையடித்துவிட்டால் சாதாரணக் கண்ணுக்கு இது புலப்படாது.

ஆனால் சட்டத்தைச் செலுத்துவோரே அதை மறந்தால் என் செய்வது? 2013-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி மஜ்காவில் இடிந்த பாபு கேனு மார்க்கெட் கட்டிடம் நகரசபைக்கே சொந்தமானது. அதில் வசித்தவர்கள் நகரசபைச் சிப்பந்திகளும் அவர்கள் குடும்பத்தாருமே. 61 பேர் மாண்டனர். 1930-ல் அந்நியத் துணி ஏற்றி வந்த லாரியை மறித்து உயிர் நீத்த தியாகியின் பெயர் தாங்கிய கட்டிடம் அது. தியாகியின் பெயரைச் சூட்டத் தெரிந்தவர்களுக்கு அதன் தூண்களைப் பேணத் தெரியாமற் போயிற்று!

பரிசோதனை நடந்துவிட்டால் மட்டும் போதுமா? பேண்டி பஜாரிலிருந்த ஹுசைனி கட்டிடம் அபாயகரமானது என்று 2011-லேயே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் 2017 ஆகஸ்டு 31-ந் தேதி அது விழுந்தபோது ஜனங்கள் உள்ளே இருந்தனர். 33 பேர் உயிரிழந்தனர். உயிர்மேல் ஆசையில்லாமலா அவர்கள் அங்கே தங்கினார்கள்? தாற்காலிக முகாமுக்குப் போன குடும்பங்கள் பல வருஷக்கணக்காகத் திரும்பமுடியாமல் தவிப்பதை மும்பை ஏழை நன்கறிவான். வீட்டை விட்டால் உரிமையும் போய்விடும் என்ற அச்சம், இடிந்துவிடும் என்ற அச்சத்தை வென்றுவிடுகிறது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சமாதானம் உண்டு. 1947-ம் வருஷத்துப் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940-ம் வருஷத்து நிலையில் நிறுத்திற்று. அற்ப வாடகையில் மராமத்து செய்ய இயலாதென்று அவர்கள் கைவிட்டனர். 1969-ல் தனிச் சட்டம் செய்து, வரி வசூலித்து, பழுதுபார்க்க வாரியமும் ஏற்படுத்தினார்கள். அப்படியும் அபாயம் தீரவில்லை.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். பரிசோதனைச் சட்டம் வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றும் சட்டமாக மட்டும் இருக்கக்கூடாது. சர்க்காருக்கும் நகரசபைக்கும் சொந்தமான கட்டிடங்களை, அவற்றின் கீழ் வேலை செய்யாத இஞ்சினீயர்களே சோதிக்கவேண்டும். அறிக்கையை, குடியிருப்போர் படித்தறியும் பாஷையில் வாசலிலேயே ஒட்டவேண்டும். காலி செய்யும்படி நோட்டீஸ் கொடுக்கும் கையே, மாற்று வீட்டின் சாவியையும், திரும்பிவரும் உரிமைக்குக் கெடு குறித்த பத்திரத்தையும் கொடுக்கவேண்டும். இவையில்லாத நோட்டீஸ் அதிகாரிகளின் பொறுப்பைக் கழிக்குமேயன்றி, ஒரு குழந்தையின் உயிரையும் காக்காது.

இது மும்பையின் கவலை மட்டுமன்று. 2021 டிசம்பர் 27-ந் தேதி சென்னைத் திருவொற்றியூரில் சர்க்கார் வாரியம் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கண்ட ஜனங்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அன்று அவர்களைக் காத்தது சட்டமன்று. அவர்களுடைய சொந்தக் கண்களே. எல்லாக் கட்டிடமும் அப்படி எச்சரித்துவிட்டு விழும் என்று எந்தச் சர்க்காராவது உறுதி கூற முடியுமா? முடியாதெனில், அடுத்த மழைக்கு முன் செய்யவேண்டியதைச் செய்யட்டும்.