குடிநீரும் வடிகட்டியும்



தங்கவயலில் வாழும் நம்மவர்க்குத் தண்ணீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சுரங்கம் இயங்கிய நாளில், பேத்தமங்கலத்தில் தேக்கிய பாலாற்று நீர் குழாய்வழியே வந்து லைன் வீடுகளின் தாகம் தீர்த்தது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் குடும்பங்கள் பல ஆழ்குழாய்க் கிணற்று நீரையே நம்பியிருக்கின்றன.

ஈராண்டுக்கு முன் என் வீட்டுச் சமையலறைச் சிங்க்கின் கீழ் ஒரு வடிகட்டி பொருத்தினேன். விற்றவர் பேனா போன்ற கருவியொன்றை நீரில் தோய்த்து, "உப்பு அதிகமில்லை, கரி வடிகட்டியே போதும்" என்றார். நீரும் வாடையின்றி இனிமையாகவே இருந்தது. அண்மையில் என் மூத்த மகளுக்குப் பால்பல் விழுந்து முளைத்த பற்களில் வெண்திட்டுகள் தோன்றின. பல் மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்பதே. பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில், நீரில் ஃபுளோரைடு வரம்பு மீறியிருந்தது.

கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரில் இக்குறை பலவிடத்தும் உண்டு. இந்தியத் தரவிதிப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை பொறுக்கலாம். மிகுந்தால், ஈற்றினுள் உருவாகும் பருவத்திலேயே பல் கறைபடும். நெடுங்காலம் மிகுதியாக அருந்தினால் எலும்பும் மூட்டும் கெடும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. பேனாக்கருவி மொத்த உப்பைத்தான் காட்டும். ஃபுளோரைடைத் தனியே காட்டாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு நீங்காது, நீர் சுண்டுவதால் செறிவே கூடும். சாதாரணக் கரி வடிகட்டி குளோரின் வாடையைப் போக்குமேயன்றி இதனைப் போக்காது. ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியை நீக்கும்.

ஆகவே முதலில் பரிசோதனை, பிறகே விலை பேசுதல். பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு அழுத்தம் குறைவு. ஆதலின் பம்பு உள்ள கருவியே நன்று. சிங்க்கிற்கு வரும் குழாயில் மூடுகுமிழுடன் இணைப்பு எடுத்தால், பழுது பார்க்கையில் வீட்டு நீர் முழுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. மின்செருகி நீர் சொட்டாத உயரத்தில் இருக்கட்டும். முதலில் நிறையும் நீரைக் கீழே விட்டுவிடுங்கள். வண்டல் வடிகட்டியையும் கரியையும் உரிய காலத்தில் மாற்றாவிடில் சவ்வு விரைவில் அடைபடும். மாற்றிய நாளைக் கருவியின்மேல் எழுதி ஒட்டுவது என் வழக்கம்.

கழிவாக வெளியேறும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். அதில் ஃபுளோரைடு செறிந்திருப்பதால் சமையலுக்கும் கால்நடைக்கும் ஆகாது.

மூத்தவள் பற்களின் திட்டு இனித் தானே மறையாது. இளையவளுக்கு இரண்டு வயது. அவளுக்கு நிலைத்த பற்கள் இன்னும் முளைக்கவில்லை. அவளை எண்ணியே சென்ற மாதம் ஆர்.ஓ. கருவி வாங்கிப் பொருத்தினேன். சிறு பிள்ளைகள் உள்ள இல்லத்தார், ஒரு புட்டி நீரை இவ்வாரமே பரிசோதனைக்குக் கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.