விசில் ஊதுகிறவருக்கு யார் பாடம் சொல்லித் தருவது?

"பள்ளிக்கூட மைதானத்தில் அடிதடி" என்று போன் வந்தது. ஓடினேன். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. கூடைப்பந்து கம்பத்துக்குக் கீழே ஒரு டிரில் மாஸ்டர், சட்டையில் இரண்டு பொத்தான் அறுந்து நின்றுகொண்டிருந்தார். சுற்றி இருபது முப்பது பேர். எல்லாம் பசங்களைப் பெற்றவர்கள். போலீசார் வந்து கூட்டத்தைக் கலைத்தார்கள். புகார் இல்லை, வழக்கு இல்லை. எனக்குச் செய்தியும் இல்லை.

ஆனால் விசாரித்துத் தெரிந்துகொண்ட விவரம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

குறுவட்டப் போட்டி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் பையன், கடைசி நொடிகளில் பந்தைத் தட்டிக்கொண்டே பாய்ந்தான். பந்தைக் கையில் சேர்த்துப் பிடித்து எகிறினான். பந்து கூடையில் விழுந்தது. அதற்குள் விசில்! "டிராவலிங்! மூணு ஸ்டெப்!" கூடை செல்லாது என்று தீர்ப்பு. ஆட்டம் போச்சு.

கூட்டம் கலைந்த பிறகு மாஸ்டரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். ஐம்பதைத் தாண்டியவர். காலையிலிருந்து வெயிலில் ஐந்தாவது ஆட்டமாம்.

"பந்தைப் பிடிச்சப்போ தரையில இருந்த காலை ஒண்ணுன்னு எண்ணினேன் தம்பி. அப்புறம் ரெண்டு, மூணு. நான் படிச்சப்போ அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார்.

அங்கேதான் விவகாரம். 'ஃபிபா' எனும் உலகக் கூடைப்பந்து சம்மேளனம் 2017 அக்டோபரில் இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. ஓட்டத்தில் பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கிற கால் கணக்கில் சேராது. அது சைபர். அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம். மாஸ்டர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டாலும் சைபர், ஒன்று, இரண்டு. பையன் போட்ட கூடை செல்லும்!

இதை அவரிடம் சொன்னேன். கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

மாறிக்கொண்டே இருக்கும் விதி

மாஸ்டர் மேல் மட்டும் பழி போட எனக்கு மனசு வரவில்லை. இந்த ஆட்டத்தின் விதி ரேஷன் கடை போர்டு மாதிரி மாறிக்கொண்டே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுக்கு முன்பு 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. இப்போது 10 நிமிடம் வீதம் நான்கு பகுதி. கூடையை நோக்கிப் பந்தை எறிய 30 வினாடி இருந்தது, 24 ஆனது. பாதி மைதானத்தைத் தாண்ட 10 வினாடி இருந்தது, 8 ஆனது. 2010-ல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப் போனது. 1990-களில் உடற்கல்வி படித்துவிட்டு வேலைக்கு வந்தவர், யாரும் கூப்பிட்டுச் சொல்லாவிட்டால் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வார்? கபடி, கோகோ, வாலிபால், தடகளம் எல்லாம் அவர் தலையில்தானே!

கடைக்காரர் தராசுக்குக் காலாகாலத்தில் முத்திரை வைக்க வேண்டும். தவறினால் அபராதம். பஸ் கண்டக்டருக்கு லைசென்ஸ் வேண்டும். பசங்களுடைய தலையெழுத்தை எழுதுகிற விசிலுக்கு ஒரு முத்திரையும் கேட்பதில்லை!

தலையெழுத்து என்று சும்மா சொல்லவில்லை. குறுவட்டத்தில் ஜெயித்தால்தான் மாவட்டம். மாவட்டத்தைத் தாண்டினால்தான் மாநிலம். மேலே போய் வாங்கும் சான்றிதழை வைத்துத்தான் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம் கேட்க முடியும். ஏழை வீட்டுப் பையனுக்கு அந்தக் காகிதம் ஒரு சொத்து.

இன்னொரு கூத்து. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்து 13 விதி எழுதினார். பழக்கூடையில் பந்து போட்ட அந்தக் காலத்திலேயே இரண்டு நடுவர் வைத்தார். பந்தைப் பார்க்க ஒருவர், ஆட்களைப் பார்க்க ஒருவர். நான் போன மைதானத்தில் பத்துப் பையன்களுக்கும் பந்துக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர்!

நந்தனம் தூரமா?

சென்னைக்காரர்கள் இதற்குச் சாக்கு சொல்லக் கூடாது. நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கியது. குறுவட்டப் போட்டி ஆரம்பிக்கும் முன்பு டிரில் மாஸ்டர்களை இரண்டு நாள் உட்கார வைத்துப் புது விதியைச் சொல்லிக்கொடுத்து, விசிலோடு மைதானத்தில் இறக்கிவிட்டு, ஒரு பரீட்சை வைத்தால் என்ன? பாஸானவர் மட்டும் ஊதட்டும். ஸ்கோர் எழுதுகிறவருக்கும் பயிற்சி வேண்டும். தன் பள்ளிக்கூடம் ஆடும் ஆட்டத்துக்குத் தானே நடுவராக நிற்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். படியை அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும். அந்த மாஸ்டருக்கு விசில்கூடச் சொந்தக் காசு!

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பள்ளி நடுவர்களுக்கு ஆண்டுதோறும் விதித் தேர்வு உண்டு. அங்கேயே 2018-க்குப் பிறகு மூன்று நான்கு ஆண்டுகளில், எல்லா விளையாட்டும் சேர்த்து, சுமார் 50 ஆயிரம் பள்ளி நடுவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். கொரோனா ஒரு காரணம். பெற்றோர்களின் ஏச்சும் பேச்சும் இன்னொரு காரணம். நாளைக்கு இங்கேயும் மாஸ்டர்கள் விசிலைக் கழற்றி வைத்துவிட்டால், நீங்களா இறங்கி ஊதப் போகிறீர்கள்? ஆட்சேபணை இருந்தால் அணித் தலைவனோ பயிற்சியாளரோ முறைப்படி எழுதிக் கொடுக்கட்டும். சட்டையைப் பிடித்தால் ஸ்கோர் மாறாது.

மறுநாள் காலையில் மாஸ்டரிடமிருந்து போன்.

"தம்பி, அந்தப் புது ரூல் புக் எங்க கிடைக்கும்?"

"நான் பார்த்தது இங்கிலீஷ்ல இருக்கு சார்."

"பரவாயில்ல, என் பொண்ணு படிச்சுச் சொல்லுவா. அந்தப் பையன் எந்த கிளாஸ்னு விசாரிச்சியா?"

விசாரித்திருந்தேன். பிளஸ் டூ.