உதிரிப் பாகப் பஞ்சம்

நமது பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்து செல்லும் பழைய பிக்கப் வண்டி அண்மையில் ஆறு வாரம் அசையாமல் நின்றது. சக்கரம் பழுதன்று, எஞ்சினும் பழுதன்று. டீசலை அளந்து சிலிண்டர்களுக்குள் செலுத்தும் பம்பில் பிளஞ்சரும் பாரலும் தேய்ந்துவிட்டன. உள்ளங்கையில் அடங்கும் அச்சாமானைத் தேடி நமது ஆட்கள் சென்னை ஜி.பி. ரோடு கடைகளிலும், புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்போரிடத்தும், கோயமுத்தூர் உக்கடத்திலும் அலைந்தனர். வண்டியைச் செய்த கம்பெனியின் ஏஜெண்டோ, அந்த மாடல் நின்றுவிட்டது என்ற ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிட்டார்.

நமக்கு நேர்ந்த அசௌகரியத்தைப் பெரிதுபடுத்த இதை எழுதவில்லை. நமக்கு வாடகை வண்டி அமர்த்தும் சக்தி உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் பிழைக்கும் ஒற்றை வண்டிக்காரனுக்கு அது ஏது? அவன் வண்டி நின்ற அன்றே அவன் அடுப்பும் நிற்கிறது. தவணைக் கடன்காரன் மட்டும் நிற்பதில்லை.

இப்பம்பின் தன்மையை வாசகர்கள் சிறிது அறிதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால், பிளஞ்சருக்கும் பாரலுக்கும் நடுவேயுள்ள இடைவெளி அதில் சில பங்கே. டீசலில் கலந்த தூசியும் நீரும் அதைக் கீறிவிடும். தேய்ந்தால் வண்டி சூட்டில் மறுபடி கிளம்ப மறுக்கும், இழுவை குறையும், புகை கக்கும். எரிபொருள் மாறியதும் ஒரு காரணம். 1990-களில் நம் நாட்டு டீசலில் பத்து லட்சத்தில் பல ஆயிரம் பங்கு கந்தகம் இருந்தது; 2020 ஏப்ரல் முதல் அது 10 பங்குக்கு மேற்படலாகாது. காற்றுக்கு நன்மை செய்த இம்மாறுதலை நாம் வரவேற்கிறோம். எனினும், எரிபொருள் இவ்விதம் மாறும்போது பழைய பம்புகளின் ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசிவதுண்டு. 1993-இல் அமெரிக்காவில் கந்தகங் குறைந்த டீசல் வந்தபோதும் இத்தொல்லை எழுந்தது. புதிய எரிபொருளைக் கட்டளையிட்ட சர்க்கார், அதைத் தாங்கும் பாகம் பழைய வண்டிக்குக் கிடைக்கிறதா என்று கேட்டதுண்டா?

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டுமென்கிறது சட்டம். புகை மிகுந்தால் சான்று இல்லை. பம்பைச் செப்பனிடாமல் புகையைக் குறைக்க வழியில்லை. பாகமின்றிப் பம்பைச் செப்பனிடவும் வழியில்லை. ஒரு கையால் தகுதியைக் கேட்டு, மறு கையால் தகுதிக்குரிய சாதனத்தை எட்டாமல் விட்டுவைப்பது எவ்வகை நியாயம்? பழையதைத் தள்ளிப் புதியது வாங்கட்டுமே என்று புத்தி சொல்வோர் உளர். பல லட்சம் ரூபாய் விலையை யார் கொடுப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

பாகம் கிட்டாமை முற்றிலும் இயற்கையாய் நேர்ந்ததன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார்க் கம்பெனிகள் மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் விவரங்களும் வெளிச்சந்தையையும் தனிப் பட்டறைகளையும் அடையாதபடி கட்டுப்படுத்தினர் என்பதே குற்றம். புத்திசொத்துரிமை என்ற கேடயத்தை அவர்கள் நீட்டினர். ஆணையம் அதை ஏற்கவில்லை. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் 'பழுது பார்க்கும் உரிமை' குறித்து ஓர் இணையதளம் தொடங்கிற்று. தகவல் தருவது நன்றே. ஆனால் தகவல் வேறு, சட்டம் வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஜனங்கள் 2012-இலேயே வாக்களித்து, மோட்டார் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டனர்.

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, ஒரு மாடல் நிறுத்தப்பட்டபின் பதினைந்து ஆண்டுகளேனும் எரிபொருள் பம்பு, நாசில், டெலிவரி வால்வு, ரப்பர் வளையம் ஆகியவற்றை இருப்பில் வைப்பது கம்பெனியின் கடமையெனச் சட்டம் இயற்றுக. இரண்டாவது, அக்காலம் கடந்தால் அளவு வரைபடங்களும் டெஸ்ட் பெஞ்சில் பம்பைச் சரிசெய்வதற்கான கணக்குத் தாளும், நியாயமான கட்டணத்துக்கு, கேட்கும் தொழிலாளி எவனுக்கும் கிடைக்கச் செய்க. எத்தனை சுழற்சி வேகத்தில், ஆயிரம் அடிக்கு எத்தனை கன சென்டிமீட்டர் டீசல் விழவேண்டும் என்ற அவ்வெண்கள் இல்லாமல் திறமையுள்ள மெக்கானிக்கும் குருடனே. மூன்றாவது, பாகங்களுக்குத் தர முத்திரை ஏற்படுத்துக. போலிப் பெட்டியில் வரும் மட்டமான சாமான் நல்ல எஞ்சினையும் கெடுத்துவிடும். பஞ்சம் உள்ளவரை போலிக்கு வாழ்வுண்டு.

செய்யும் திறமை நம்மிடம் இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகியபோது, மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் ஸ்தாபனம் வண்டிகளை வாயுவால் ஓட்டும் சாதனம் செய்து கொடுத்தது. அதற்கும் முன்னரே, 1937-இல், கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு முதலியோர் மின்சார மோட்டாரைச் செய்து காட்டினர். அந்நிய ஆட்சியில் முடிந்தது சுயராஜ்யத்தில் முடியாதா? நுண்ணளவில் கடையும் லேத்துகள் இன்று கோவைப் பட்டறைகளில் உண்டு. அவர்கட்கு இல்லாதவை அளவுத் தாளும் நிச்சயமான ஆர்டருமே.

இரண்டாவதைத் தருவது வண்டிக்காரர்களின் கடமை. ஒருவன் ஒரு பிளஞ்சர் கேட்டால் பட்டறைக்குக் கட்டாது. ஜில்லா தோறும் சங்கங்கள் தேவையைத் திரட்டி ஐந்நூறாகக் கேட்டால் கட்டும். முதலாவதைப் பெற்றுத் தருவது சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் நம் பெயரால் அமர்ந்திருப்போரின் கடமை. ஊர்தோறும் கூட்டங் கூட்டி, தீர்மானம் நிறைவேற்றி அவர்களுக்கு அனுப்புமாறு நமது தொண்டர்களைக் கேட்டுக்கொள்கிறோம். விலை கொடுத்து வாங்கிய யந்திரத்தைப் பழுது பார்த்துக்கொள்ளவும் பிறனுடைய தயவை நாட வேண்டியவன், அதற்குச் சொந்தக்காரன் ஆகமாட்டான்.