ஆயிரமாண்டு மரபாம், சம்பளம் மட்டும் கிடையாதாம்!

சிவராத்திரி நெருங்கினா போதும், நாட்டியாஞ்சலி ஃபார்வர்டுகள் வர ஆரம்பிச்சுடும். "தில்லையில் ஆயிரம் ஆண்டுகளாகத் தொடரும் நாட்டிய விழா"ன்னு இந்த வருஷமும் ஒண்ணு வந்தது. வழக்கமா அழிச்சுட்டு ஆணி புடுங்கப் போயிடுவேன். இந்தத் தடவை முடியலை. காரணம் கீழே.

முதல்ல கணக்கு. சிதம்பரம் நாட்டியாஞ்சலி ஆரம்பிச்சது 1981இல். அன்றைய தொல்லியல் துறை இயக்குநர் இரா. நாகசாமி அதுக்கு முன்நின்றவர்களில் ஒருவர். டிக்கெட் கிடையாது, யாரும் வந்து உட்காரலாம். அதைப் பார்த்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைன்னு ஊர் ஊரா நாட்டியாஞ்சலிகள் வந்தன. கோயில் நிர்வாகம் தீட்சிதர்களுக்கேன்னு 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு சிதம்பரத்திலேயே விழா ரெண்டாச்சு. அறக்கட்டளை வெளியே, தீட்சிதர்கள் உள்ளே. ஆக, நம்ம பதிவர்கள் பலரோட வயசுதான் இந்த விழாவுக்கும். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. நல்ல விழாதான்.

"விழா புதுசு, ஆனா கோயில்ல ஆடறது பழசு இல்லையா?" என்பீர்கள். சரி, பழசையே பேசுவோம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கு (1014 வாக்கில்). சோழநாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைச்ச 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. ஒவ்வொருத்தி பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கு. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குன்னா ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தவர், பாடினவர், கொட்டினவர் எல்லாருக்கும் பங்கு உண்டு.

பொற்காலம்னு பாட வரலை. அந்தப் பெண்களுக்கு வேறு வழி இருந்ததான்னு கல்வெட்டு சொல்லாது. ஆனா பெயரும் கூலியும் எழுதி வெச்சாங்க.

நடுவுல என்னாச்சு? 1930இல் முத்துலட்சுமி ரெட்டி மசோதா கொண்டுவந்தார். 1947இல் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டறது மட்டுமில்லை, கோயிலுக்குள்ள பெண்கள் ஆடறதுக்கும் தடை. பொட்டுக்கட்டறது ஒழிஞ்சது சரிதான், பின்னூட்டத்துல சண்டைக்கு வராதீங்க. என் கேள்வி வேற. அதே காலத்துல சதிர் "பரதநாட்டியம்" ஆகி சபா ஏறிடுச்சு. தலைமுறை தலைமுறையா ஆடின குடும்பங்களில் பலருக்கு மேடையும் போச்சு, மானியமும் போச்சு. 34 வருஷம் கழிச்சு ஆட்டம் கோயிலுக்குத் திரும்பினப்போ அந்தக் குடும்பங்களை எத்தனை பேர் தேடினோம்? இந்த முறிவை மறைச்சுட்டு "தொடரும் மரபு"ன்னா எப்படி?

இப்ப காரணம். கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தரோட பொண்ணு போன வருஷம் ஒரு ஊர் நாட்டிய விழாவில் ஆடினா (எந்த ஊர்னு கேக்காதீங்க). மேடைக்கு "பதிவுக் கட்டணம்" இவங்கதான் கட்டினாங்க. உடை, மேக்கப், வேன், எல்லாம் கைக்காசு. பக்கவாத்தியத்துக்கு வழியில்லாம பென் டிரைவ்ல பாட்டு. கிடைச்சது பதினஞ்சு நிமிஷம், ஒரு ஷீல்டு. மைக்கில் டான்ஸ் கிளாஸ் பெயர் மட்டும் சொன்னாங்க. பொண்ணு பெயர் வரலை. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவ பேசவே இல்லையாம்.

நான் கொதிச்சா அண்ணன் சமாதானம் சொல்றார்: "சாமிக்கு ஆடறதுக்குக் காசு கேக்க முடியுமாப்பா?"

ஏண்ணே, பந்தல்காரரும் சாமிக்குத்தான் பந்தல் போட்டார். மைக்செட்காரர், பூக்காரம்மா எல்லாரும் சாமிக்குத்தான். அவங்ககிட்ட ஓசியில செய்யச் சொல்லிப் பாருங்களேன்! ஆடறவளுக்கு மட்டும் ஏன் "அஞ்சலி"?

அஞ்சலின்னு மனசார இலவசமா ஆடறவங்களைக் கும்பிடுறேன். ஆனா ஆடறவங்ககிட்டயே வசூல் பண்றதுக்கு எந்தக் கல்வெட்டும் ஆதாரம் கிடையாது. ஆயிரமாண்டு மரபுதான் வேணும்னா முழுசா எடுத்துக்கோங்க. ஆடறவளுக்கும் வாசிக்கிறவருக்கும் பங்கு கொடுங்க. குறைஞ்சபட்சம் மைக்கைப் பிடிச்சு அவ பெயரையாவது சொல்லுங்க. ராஜராஜனுக்கு 400 பெயரைக் கல்லில் வெட்டப் பொறுமை இருந்தது. உங்களுக்கு ஒரு பெயரைப் படிக்க நேரமில்லையா?

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "உனக்கு பரதம் தெரியுமா"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: தெரியாது. 100 கலம் நெல்லுக்கும் ஒரு ஷீல்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.