பாதி அவதாரம்

கிருகப்பிரவேசத்துக்குத் தம்மம்பட்டி மரச் சிற்பம், தசாவதாரப் பலகை ஒன்று வாங்க ஆசைப்பட்டாள் என் நாத்தனார். கைப்பேசியில் ஒரு கடையின் பக்கத்தைத் திறந்தாள். மச்சம், கூர்மம், வராகம் தெரிந்தன. நரசிம்மர் பாதிதான் வந்தார்! மற்ற அவதாரங்களோடு விலையும் பொத்தானும் திரைக்கு வெளியே போய்விட்டன. சலித்துப்போய் மூடிவிட்டாள். உளி பிடித்தவருக்கல்லவா நஷ்டம்?

பக்கத்தை மேஜைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்ததால் வந்த வினை இது. ரவிக்கை அப்படித்தான், ஆள் மாறினால் பிடிக்கும். புடவையோ யாருக்கும் பொருந்தும். பக்கங்களும் புடவையாக வேண்டும் என்று 2010-ல் ஈதன் மார்காட் என்ற அமெரிக்கர் வழி சொன்னார். அகலத்தை நூற்றுக்கு இத்தனை என்று குறிப்பது. படத்தையும் அதோடு சுருங்க விடுவது. திரை குறுகினால் மூன்று பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது.

சிற்பிக்கு இது புதிதா, என்ன? சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளம் ஒரு தாளம்; உடம்பு அதற்கு இத்தனை மடங்கு. ஓரடி வாகைக் கட்டையானாலும் ஆறடியானாலும் அதே கணக்குத்தான்.

தமிழில் இன்னொரு தொல்லை, சொற்களின் நீளம். பொத்தானில் 'வாங்கிக்கொள்ளுங்கள்' என்றால் சின்னத் திரையில் பிதுங்கும். 'வாங்க' போதும், வரவேற்பும் ஆயிற்று!

உங்கள் வீட்டுப் பெண் இம்மாதிரிப் பக்கம் அமைக்கிறாளா? பெரிய திரையில் அழகு பார்த்ததும் எழுந்துவிடாமல், உங்கள் பழைய கைப்பேசியிலும் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.