"பேட்டரி போயிட்டு, அண்ணாச்சி!"

நம் பக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான். செல்ஃப் எடுக்கவில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், பட்டறையில் சாவியை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறார்கள்: "பேட்டரி போயிட்டு, அண்ணாச்சி." மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. எத்தனை நாளாக இப்படி என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. புது பேட்டரியை மாட்டினால் வண்டி ஓடுகிறது. நாமும் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இருபது நாளில் மறுபடியும் அதே கதை.

இதை நான் ரிப்பேர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இது சாமான் வியாபாரம்.

என் வண்டிக்கும் இதுதான் நடந்தது. முதலில் புது பேட்டரி. பத்து நாளில் அதுவும் படுத்துவிட்டது. அடுத்து ரெகுலேட்டர் மாற்றினார்கள். அதற்குப் பிறகும் பேட்டரி இறங்கியது. "காயில் போயிருக்கும், இன்ஜின் மூடியைக் கழற்றணும்" என்றார்கள். அந்த வாரத்தில்தான் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு என் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்தது. சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். கரிவலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். செல்ஃப் 'டிக் டிக்' என்றது. கிக்கரை மிதிக்க என் முழங்காலில் தெம்பு இல்லை. தெரிந்த ஆட்டோக்காரரை எழுப்பி, அவர் வந்து சேர முக்கால் மணி நேரம். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் வாசலில் நின்றதை நான் மறக்கவில்லை.

மறுநாள் நானே மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் டிரான்ஸ்பார்மரை மாற்றுகிறவர்கள் நாங்கள் இல்லை. எதுவரை கரண்ட் வருகிறது, எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்போம். மோட்டார் சைக்கிளுக்கும் அதே கணக்குத்தான்.

பேட்டரியை சார்ஜ் போட்டுவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தேன். பேட்டரி முனைகளில் 12.5 வோல்ட். நல்ல வண்டியில் அந்த நேரத்தில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். சரி, சார்ஜ் ஏறவில்லை. இதைக் கேட்டவுடன் ரெகுலேட்டரைக் கழற்றத்தான் கை போகும். நான் ரெகுலேட்டர் சாக்கெட்டிலேயே, சிவப்பு ஒயருக்கும் பச்சை ஒயருக்கும் நடுவே அளந்தேன். 14.2 வோல்ட்! ரெகுலேட்டரும் நன்றாக இருக்கிறது, காயிலும் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் நடுவில் 1.7 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். சிவப்பு ஒயர் வழியில் பார்த்தேன், 0.1 வோல்ட்தான் குறைகிறது. பச்சை ஒயருக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே 1.6 வோல்ட். திருடன் அகப்பட்டான். எர்த் ஒயரைச் சேஸிஸில் முடுக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினேன். பேட்டரியில் 14.1 வோல்ட் வந்தது. செலவு, உப்புத்தாள் மட்டும். அதற்கு முன் பேட்டரிக்கும் ரெகுலேட்டருக்கும் கொடுத்த பணம் போனது போனதுதான்.

நான் பெரிய மேதை என்று சொல்ல வரவில்லை. இதற்கு மேதை தேவையில்லை என்றுதான் சொல்ல வருகிறேன். சில நூறு ரூபாய் மீட்டரும் அரை மணி நேரப் பொறுமையும் போதும். ஹெட்லைட் விட்டுவிட்டு எரிந்தால் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பக்கம் ஒயரை மடக்கிப் பாருங்கள். தினம் நூறு தடவை வளைகிற இடம் அது. வெளியே ரப்பர் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். பியூஸ் போனால் ஏன் போனது என்று தேடுங்கள். பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியையும் சிகரெட் பெட்டி ஈயத்தாளையும் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. 10 ஆம்பியர் பியூஸ் உருகாவிட்டால் அடுத்தது ஒயர் உருகும். அந்த ஒயர் போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

அந்தக் காலம் பொற்காலம் என்றும் நான் எழுதவில்லை. ராஜ்தூத்தின் 6 வோல்ட் விளக்கு வெளிச்சத்தில் போனவர்களுக்குத் தெரியும், மின்மினிப் பூச்சி தேவலை. ஆனால் அன்றைய மெக்கானிக், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பிளக்கைக் கழற்றி இன்ஜினில் தொட வைத்து ஸ்பார்க் வருகிறதா என்று பார்ப்பார். வரவில்லை என்றால் பாயிண்டைத் திறந்து தேய்ப்பார், இடைவெளியை சரி செய்வார், பிறகுதான் கண்டென்சர். ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அந்த ஒழுங்கு இருந்தது. இப்போது 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷனும் கம்ப்யூட்டர் பெட்டியும் வந்துவிட்டன. "இதெல்லாம் சென்சார், அண்ணாச்சி, மாத்தத்தான் செய்யணும்" என்கிறார்கள். தப்பு. மஞ்சள் விளக்கு காட்டும் கோடு, எந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சென்சார் செத்துப்போச்சு என்று சொல்வதில்லை. அந்தச் சென்சாருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தாலும் அதே கோடுதான் வரும்.

பட்டறைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஒரு மணி நேரம் தேடி ஒரு துருப்பிடிச்ச போல்ட்டைக் கண்டுபிடிச்சா நீங்க எவ்வளவு தருவீங்க? ஐம்பது ரூபாய்க்கு மேல தருவீங்களா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மைதானே! ஆயிரத்துச் சொச்ச ரூபாய் பேட்டரிக்கு முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். "சும்மா பார்த்ததுக்கு இருநூறா?" என்று சண்டைக்குப் போகிறோம். மூளைக்குக் கூலி கொடுக்காமல் சாமானுக்கு மட்டும் கொடுத்தால், அவர்கள் சாமானைத்தான் விற்பார்கள். இந்தப் பழக்கத்தை வளர்த்தது நாம்தான்.

இன்னொரு தப்பும் நம்முடையது. பேரன் ஆசைப்பட்டான் என்று 55 வாட் பல்பு இரண்டை முன்னால் கட்டுகிறோம். அதற்கு மட்டும் 9 ஆம்பியர் வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் வேறு பகலிலும் எரிந்துகொண்டே இருக்கிறது. ஒயரைப் பிளேடால் சீவி, முறுக்கி, டேப் சுற்றி விடுகிறோம். அடுத்த மழையில் அந்த இடம் பச்சை பூத்துவிடும். பிறகு கம்பெனியைத் திட்டுகிறோம்.

கம்பெனிகளைத் திட்டவும் காரணம் இல்லாமல் இல்லை. பழைய வால்வு ரேடியோவுக்கு உள்ளேயே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் வண்டியோடு வரும் புத்தகத்தில் ஒரு ஒயரிங் படம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுது நீக்கும் உரிமை' என்று ஒரு இணையதளமே தொடங்கியது. மோட்டார் வாகனங்களும் அதில் உண்டு. அந்த உரிமை கிராமத்துப் பட்டறை வரை வர வேண்டுமானால், முதலில் அந்தப் படம் தமிழில் வர வேண்டும்.

அதுவரை நம்மால் முடிந்தது இரண்டு. அடுத்த தடவை "பேட்டரி போயிட்டு" என்று சொன்னால், "மீட்டர் வச்சுக் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். அவர் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தால், சாமான் எதுவும் மாற்றாவிட்டாலும், அந்த இருநூறு ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வாசலில் நின்றவன் சொல்கிறேன், அது அதிகம் இல்லை.