உப்புப் பூக்கும் நாள்

கூனிமேட்டுக்கு வடக்கேயுள்ள மரக்காணத்து உப்பளங்களைக் கவனித்தவர்கள் ஒரு விஷயம் அறிவார்கள். பாத்தியில் பாய்ச்சிய உவர்நீர் நாள் கணக்கில் வெறும் தண்ணீராகவே காட்சியளிக்கும். வெய்யில் அதைச் சுண்டச் செய்துகொண்டேயிருக்கும். கண்ணுக்கு மாறுதல் தெரியாது. பிறகு ஒரு நாள் உப்புப் பூத்துவிடும். அந்த ஒரு நாள் வெய்யிலே உப்பை உண்டாக்கிற்று என்று அளத்தில் பாடுபடுகிறவர் யாரும் சொல்லமாட்டார்.

யுத்த காலத்தில் பொதுஜன அபிப்பிராயம் மாறுவதும் இப்படித்தான். ஏதோ ஒரு பயங்கரச் சம்பவம் நிகழ்கிறது. ஜனங்கள் யுத்தத்தையே வெறுக்கத் தொடங்குகிறார்கள். சம்பவத்தின் கோரமே அதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கோரம் மட்டும் போதுமானால், 1914-ஆம் வருஷமே நம்மவர்களின் மனம் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா?

அவ்வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைமீது குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் பட்டணத்தை விட்டு ஓடினார்கள். ஆயினும் யுத்தத்தின்மேல் வெறுப்பு மூளவில்லை. 1918-இல் மகாத்மா காந்தியே பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்டார். எம்டன் என்ற பெயரோ, சாமர்த்தியசாலியைக் குறிக்கும் வேடிக்கைச் சொல்லாகத் தமிழில் தங்கிவிட்டது.

இருபத்தேழு வருஷங்களுக்குப் பின் நடந்தது வேறு. 1939-இல் இந்தியத் தலைவர்களை ஒரு வார்த்தை கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டார் வைஸ்ராய் லின்லித்கோ. சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. பாத்தியில் நீர் அப்போதே சுண்டத் தொடங்கிவிட்டது.

சென்னையிலிருந்து இந்தக் கரையோரமாகவே சென்று, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, கப்பல்கள் பினாங்குக்குப் போய்வந்த காலம் அது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கைத் தாக்கின. வெள்ளைக்காரர்கள் இரவோடிரவாகத் தீவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் விடப்பட்டார்கள். கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, குண்டுவீச்சை நிறுத்த முயலும் பொறுப்பு, பத்திரிகாசிரியர் சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர்மேல் விழுந்தது. அதன் பிறகும் பிரிட்டிஷ் மந்திரி டப் கூப்பர், பினாங்கு ஜனங்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டதாக வானொலியில் பேசினார்!

குண்டு போட்டவன் எதிரி. அவனிடம் தயவை எதிர்பார்த்தவர் யார்? காப்பாற்றுவதாகச் சொன்னவன் கைவிட்டு, கைவிட்டதையும் மறைத்தான். ஜனங்களின் மனத்தைத் திருப்பியது அதுதான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ரங்கூன். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் மடிந்தவர் ஆயிரமாயிரம். ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னை காலியாயிற்று. ஓடியவர்களின் நெஞ்சில் மலேயாவின் கதை இல்லாமலா இருந்திருக்கும்? ஜூலை 14-இல் வார்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி, மலேயா, சிங்கப்பூர், பர்மா என்று பெயர் சொல்லியே, அந்த அனுபவம் இந்தியாவுக்கு நேரக் கூடாது என்றது. ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' என்ற முழக்கம் எழுந்தது. வயிற்றுப் பிழைப்புக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் அப்போதும் உண்டு. ஆனால் அது நம்பிக்கை ஆகுமா?

பிற்காலத்தில் அமெரிக்காவிலும் இதே கதைதான். வியட்நாம் யுத்தத்தில் முடிவு கண்ணுக்குத் தெரிகிறதென்று 1967 நவம்பரில் சேனாதிபதி வெஸ்ட்மோர்லாண்டு சொன்னார். 1968 ஜனவரி இறுதியில் ஸைகோன் நகரின் அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே எதிரிகள் புகுந்துவிட்டார்கள். அந்தத் தாக்குதலில் அதிகம் மாண்டவர்கள் தாக்கியவர்களே. ஆயினும் சேனாதிபதியின் சொல் செத்துப் போயிற்று. மார்ச் 31-இல் ஜனாதிபதி ஜான்ஸன், தாம் மறுபடியும் தேர்தலுக்கு நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

யுத்தம் நடத்துகிற சர்க்கார்கள் எதிரியின் பீரங்கிக்கு அஞ்சுவது இயல்பு. தங்கள் சொந்த அறிக்கைகளுக்கு அதைவிட அதிகமாக அஞ்சுவது நல்லது.